சராசரியை மடக்கிய வரிசை

போன ஞாயிற்றுக்கிழமை மாரமங்கலத்தில் பன்னிரண்டு பெரிய மனிதர்களை டிரில் பீரியடில் நிறுத்துவது போல வரிசையில் நிற்க வைத்தேன்.

அத்தனை பேரும் என்னைவிட மூத்தவர்கள். காபித் தோட்டம், மீசை, மருமகன் எல்லாம் உள்ளவர்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் நின்றார்கள் — ஆனால் நின்றார்கள். ரோட்டோரத்தில் ஒரு லாரி ரம்பமும் வடக்கயிறுமாகக் காத்திருந்தது. அந்த வரிசை எப்படி அமைகிறதோ, அதைப் பொறுத்துத்தான் லாரி நிரம்புவதும் நிரம்பாததும்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

சென்ற வருடம் பத்திரிகையின் இதே பக்கத்தில், ஏற்காடு பஜாரில் ஒரு பாய் கடையில் நான் சிவப்பும் நீலமுமாகக் கட்டுக் கட்டாக ரிப்பன் வாங்கியதை எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? "எந்த ஸ்கூலுக்கும்மா ஆண்டு விழா?" என்று கடைக்காரர் கேட்டார். "காபிச் செடிக்குங்க" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மீதிச் சில்லறையைத் தள்ளி வைத்துவிட்டுப் பத்திரமாகப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

விஷயம் இதுதான். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. என் ஆராய்ச்சியின் கதாநாயகன் ஒரு வண்டு. தண்டுத் துளைப்பான் என்பது அதன் பெயர். காபிச் செடியின் பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழு தண்டுக்குள் குடைந்துகொண்டே போகும். வெளியே தண்டு மேடு மேடாகத் தடிக்கும், இலை மஞ்சளாகும். கடைசியில் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

வெயிலில் நிற்கும் செடியைத்தான் அந்த வண்டு தேடிப் போகும், மர நிழலில் அவ்வளவாக வராது என்று மலையில் எல்லோரும் சொல்வார்கள். சொன்னால் போதுமா? எண்ணிப் பார்க்க வேண்டாமா?

எண்ணக் கிளம்பினேன். மாரமங்கலத்தைச் சுற்றிப் பன்னிரண்டு விவசாயிகள் தங்கள் தோட்டங்களைத் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் வெயிலில் நிற்கும் ஐம்பது செடிகளுக்குச் சிவப்பு ரிப்பன். பலா, அத்தி, சில்வர் ஓக் நிழலில் நிற்கும் ஐம்பது செடிகளுக்கு நீல ரிப்பன். ஒரு வருடம் கழித்து வந்து, எந்த நிறத்தில் எத்தனை செடிகளில் புழு என்று பார்ப்பது.

ஏன் இரண்டு நிறமும் ஒரே தோட்டத்தில்? ஒருவர் நிழலை இன்னொருவர் வெயிலோடு ஒப்பிட்டால், நாம் அளப்பது நிழலை அல்ல — இவர் வீட்டு மாட்டுச் சாணத்தையும் அவர் வீட்டுச் சோம்பலையும். ஒரே மண், ஒரே சாணம், ஒரே எஜமானன். நிழல் மட்டும் வேறு. அப்படி ஜோடி ஜோடியாகப் பிடித்தால்தான் வண்டின் ருசி தெரியும்.

எண்ணி முடித்தேன். பத்துத் தோட்டங்களில் நிழல் ஜெயித்தது. இன்னொன்றில் வெயில் ஒரே ஒரு செடி வித்தியாசத்தில் தப்பித்தது. சரி, போகட்டும்.

பன்னிரண்டாவது தோட்டம் வெள்ளையனுடையது.

வெள்ளையன் தோட்டத்தில் வெயிலில் நின்ற ஐம்பது செடிகளில் ஒன்றில்கூடப் புழு இல்லை. கீழே பலா நிழலிலோ முப்பத்தெட்டுச் செடிகள் போயிருந்தன. தலைகீழ். அதுவும் சாதாரணத் தலைகீழா? மற்றவர்களுக்கெல்லாம் வித்தியாசம் இரண்டு, மூன்று, ஏழு, அதிகம் போனால் பதினொன்று. இவருக்கு முப்பத்தெட்டு — எதிர்த் திசையில்.

சராசரி போட்டேன். பத்துப் பேரும் வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த நிழலின் நன்மையை வெள்ளையன் ஒருவரே பாதிக்கு மேல் குடித்துவிட்டார். எல்லோரும் போடும் வழக்கமான டெஸ்ட்டைப் போட்டேன். 'வித்தியாசம் இருப்பதாகச் சொல்வதற்கில்லை' என்றது.

எங்கள் பேராசிரியர் தாளை ஒரு பார்வை பார்த்தார். "அந்தப் பன்னிரண்டாவது ஆளை எடுத்துடும்மா. ஏதோ தப்பு நடந்திருக்கு. எடுத்துட்டா எல்லாம் சரியா வந்துடும்."

வந்துவிடும்தான். ஆனால் எப்படி எடுப்பது? பந்தியில் உட்கார்ந்து இலையும் போட்டாகிவிட்ட ஒருவரை, முகம் பிடிக்கவில்லை என்று எழுப்புவதா? அவர் செடிகளை நான்தானே எண்ணினேன்? என் கையால்தானே ரிப்பன் கட்டினேன்?

இதற்குள் மாரமங்கலத்திலிருந்து ஆள் வந்து ஒரு செய்தி சொன்னார். சேலத்து மரக் கான்ட்ராக்டர் ஒருவர் இரண்டு வாரமாக அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு தோட்டத்து நிழல் மரங்களையும் வெட்டிக்கொண்டு போக மொத்தமாக விலை பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை முடிவு. அவர் எல்லோரிடமும் காட்டுகிற சாட்சி எது தெரியுமா?

வெள்ளையன் தோட்டம்.

ஞாயிறு காலை பஸ் ஏறப் போனவள், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பழைய புத்தகக் கடையில் நின்றேன். பதற்றம் வந்தால் பழைய புத்தகம் புரட்டுவது என் வியாதி. அட்டை கிழிந்த ஒரு புள்ளியியல் புத்தகம். பின்னாலிருந்து புரட்டினால்... ஒரு அத்தியாயம் முழுக்க 'ரேங்க்' டெஸ்ட்டுகள். சராசரியைத் தொடாமலே ஜோடிகளை ஒப்பிடும் முறை.

வழக்கமான டெஸ்ட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வித்தியாசங்கள் எல்லாம் நடுவில் கூட்டமாகவும் ஓரங்களில் கொஞ்சமாகவும், மணியைக் கவிழ்த்தாற்போல அழகாகப் பரவியிருக்க வேண்டும். வண்டுகளிடம் இதை யார் போய்ச் சொல்வது? இந்த முறைக்கு அந்த நிபந்தனை இல்லை. அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று — யாருடைய வித்தியாசம் சின்னது, யாருடையது பெரியது என்ற வரிசை.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டே படித்தேன். கணக்குப் போட மூன்றாவது கை இல்லை. ஆக, முறை தெரியும், முடிவு தெரியாது. அந்த நிலையில்தான் மாரமங்கலத்தில் இறங்கினேன்.

காபி காயப்போடும் சிமென்ட் களத்தில் கூட்டம். நடுவில் கான்ட்ராக்டர் கந்தசாமி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, குரலில் தேன்.

"ஏனுங்க, நெழல் இருந்தாப் புழு வராதுன்னு ஆரு சொன்னது? நம்ம வெள்ளையன் தோட்டத்தைப் போய்ப் பாருங்க. ரோட்டோரமா வெயில்ல நிக்குது செடி. ஒத்தைப் புழு இல்லீங்க. அதே ஆளுது, கீழ பலா மரத்தடியில பாதிக்கு மேல போயிருச்சு. அந்த மரந்தானுங்க புழுவுக்கு ஊடு. ஊட்டைப் பிரிச்சுட்டா அது எங்க குடியிருக்கும்?"

வெள்ளையன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். தன் தோட்டம் சாட்சியாவது அவருக்குப் பிடித்திருந்தது. பலர் தலையாட்டினார்கள்.

"பதினோரு தோட்டத்தை விட்டுட்டு ஒண்ணை மட்டும் காட்டறீங்களே" என்றேன்.

கான்ட்ராக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரிப்பன் கட்டுன அம்மிணி நீங்கதானுங்களா? நீங்க எண்ணினதுல எங்க வெள்ளையன் கணக்கும் சேர்த்தியா, இல்லீங்களா?"

"சேர்த்திதான்."

"சேர்த்துப் பார்த்தா என்ன வருது?"

மாட்டிக்கொண்டேன். சராசரியைச் சொன்னால் அவர் ஜெயித்தார். வெள்ளையனை எடுத்துவிட்டுச் சொன்னால் நான் பொய்க்காரி. மிச்சம் ஒரே வழி.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. இப்பவே பார்த்துரலாம்."

தோட்டத்தில் நிழல் ஜெயித்தவர் கையில் நீல ரிப்பன் துண்டு. வெயில் ஜெயித்தவர் கையில் சிவப்பு. பத்து நீலம், இரண்டு சிவப்பு. "கலரை இப்ப மறந்துருங்க. வித்தியாசம் எத்தனை செடிங்கறதுதான் பேச்சு. குறைச்சலா இருக்கறவங்க இந்த முனை, அதிகமா இருக்கறவங்க அந்த முனை. அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண் போடுவோம். சிவப்பு வச்சிருக்கறவங்க எண்ணை மட்டும் கூட்டுவோம்."

"கூட்டி?"

"நிழலுக்கும் புழுவுக்கும் சம்பந்தமே இல்லீன்னா, சிவப்புக் கூட்டலும் நீலக் கூட்டலும் ஏறக்குறையச் சமமா வரும். சிவப்பு நொம்பக் குறைஞ்சு போனா, அது சும்மா அமைஞ்சதில்லை. எவ்வளவு குறையணும்னு இந்தப் புத்தகத்துல இருக்கு." புத்தகத்தை அவரிடமே கொடுத்தேன். "பன்னெண்டு ஜோடிக்கு எதுக்கால என்ன போட்டிருக்கு?"

விரலை ஓட்டினார். "பதிமூணு."

"பதிமூணோ அதுக்குக் கீழயோ வந்தா நிழல் ஜெயிச்சுது. தாண்டினா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பஸ் ஏறிடறேன்."

"எல்லாருக்கும் கேட்டுச்சுங்களா?" என்றார் கான்ட்ராக்டர், திருப்தியாக.

கேட்டது. எனக்கும்தான் கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் வரிசையைப் பார்த்தேன். வெள்ளையன் சிவப்பு ரிப்பனோடு கடைசி முனைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது இடம். எடுத்த எடுப்பில் சிவப்புக்குப் பன்னிரண்டு. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. இன்னொரு சிவப்பு ரிப்பன்காரர் முதல் இடத்தில் நின்றால் பதிமூன்று. இரண்டாவதில் நின்றால்... நான் பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்த இன்னொரு சிவப்பு சின்னப்பையன். வித்தியாசம் ஒன்று. நேராக முதல் இடத்துக்கு வந்தார். அதே இடத்தில் ஏற்கெனவே நீல ரிப்பனோடு ராமன் நின்றுகொண்டிருந்தார். சின்னப்பையன் கட்டியிருப்பது ராமனின் தங்கையை.

"மச்சான், அந்தாண்ட நகரு. எனக்கு ஒண்ணு."

"எனக்குந்தான்யா ஒண்ணு. பொண்ணைக் குடுத்தேன், எடத்தையும் குடுக்கோணுமா?"

களம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே அளவுன்னா என்னங்க பண்றது?" கான்ட்ராக்டர் கேட்டார்.

"ஒண்ணையும் ரெண்டையும் கூட்டி ஆளுக்குப் பாதி. ஒண்ணரை." என்றேன்.

அவர் மனக்கணக்கில் புலி. "பன்னெண்டும் ஒண்ணரையும்... பதிமூணரை. தாண்டிருச்சுங்களே, அம்மிணி." புத்தகத்தை மூடப் போனார்.

"இருங்க." பையிலிருந்து தாளை எடுத்தேன். "ராமண்ணா, உங்க தோட்டத்துல வெயில்ல ஒம்பது, நிழல்ல ஏழு. வித்தியாசம் ரெண்டு. ஒண்ணுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வெயில்ல எட்டுதானுங்க இருக்குது. ஒண்ணைப் போன வாரம் புடுங்கி எரிச்சுட்டேன். இல்லாத செடியை எப்படிங்க எண்ணறது?"

"நான் எண்ணும்போது இருந்துச்சே."

"இப்ப இல்லீங்களே."

இரண்டும் நியாயம்போலத்தான் தோன்றியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்தது. எரித்த செடி சேருமா, சேராதா? புத்தகத்தில் இதற்கு அட்டவணை கிடையாது. பேச்சு தடித்தது. கடைசியில் ராமன் கான்ட்ராக்டர் பக்கமே திரும்பினார். "நீங்க சொல்லுங்க. புத்தகம் உங்க கையிலதான இருக்குது."

கந்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். நடுவர் பதவி யாருக்குத்தான் பிடிக்காது?

"எதுக்குப் புடுங்கினே?"

"புழு அரிச்சுதுங்க."

"அம்மிணி எண்ணும்போது புழுவோட நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க."

"அப்புறம் என்னய்யா பேச்சு? வெட்டிச் சாய்ச்ச மரம் நட்டமா நிக்கலைங்கறதுக்காக நாங்க அளவுல உட்டுருவமா? சாய்ச்சாலும் மரம் மரந்தான். எரிச்சாலும் செடி செடிதான். ஒனக்கு ரெண்டு. நகரு."

ராமன் நகர்ந்தார்.

சின்னப்பையன் ஒன்று. வெள்ளையன் பன்னிரண்டு.

கான்ட்ராக்டரின் உதடுகள் அசைந்தன. ஒருமுறை கூட்டினார். புத்தகத்தைத் திறந்து அந்த வரியை மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

"பதிமூணு" என்றார். தன் வாயாலேயே.

பத்து நீல ரிப்பன்கள் தலைக்கு மேலே போயின. சிவப்பு வைத்திருந்த சின்னப்பையனும் உற்சாகத்தில் தன்னுடையதைத் தூக்கிவிட்டார். ராமன் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

கந்தசாமி லேசில் விடுகிற ஆள் இல்லை. "எல்லாஞ் சரிங்க. அப்ப வெள்ளையன் தோட்டத்துல மட்டும் எப்படி? அங்க உங்க வண்டுக்குக் கண்ணு தெரியலீங்களா?"

எல்லோரும் வெள்ளையனைப் பார்த்தார்கள். அவர் சில்வர் ஓக் மரத்தின் உச்சியைப் பார்த்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி மாதம்மாள் எழுந்தார். "நான் சொல்றேனுங்க. அம்மிணி ரிப்பன் கட்டிட்டுப் போன நாள்ல இருந்து இந்த மனுசன் தேங்கா நாரை எடுத்துக்கிட்டு ரோட்டோரச் செடியா உக்காந்து தேச்சாரு. காலேஜுக்காரங்க வந்து பாக்கற செடியாம், பளிச்சுனு இருக்கோணுமாம். எங்க ஊட்டுக் கொழந்தைக்குக்கூட இவரு அப்படி முதுகு தேச்சு உட்டதில்லீங்க."

"கீழே, நிழல்ல இருந்த செடிங்க?"

"அது ஆரு கண்ணுல படுது? அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலீங்க."

பட்டையை நாரால் தேய்த்தால் இடுக்கு போய்விடும். வண்டுக்கு முட்டை வைக்க இடமிருக்காது. அருமையான வைத்தியம். அதை வெயில் செடிகளுக்கு மட்டும் செய்து, நிழல் செடிகளைச் சுத்தமாகக் கைவிட்டிருக்கிறார் மனிதர். விருந்தாளி வரும் வாசலைப் பெருக்கிவிட்டுக் கொல்லையை அப்படியே விடுவதில்லையா நாமெல்லாம்? என் சராசரியைக் கவிழ்த்தது வண்டு இல்லை; மரியாதை.

"சொல்லியிருக்கலாமே, அண்ணா" என்றேன்.

"நீங்க கேக்கலீங்களே, அம்மிணி. செடி சுத்தமா இருக்குதுன்னு மட்டும் சொன்னீங்க. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு." அப்புறம் கான்ட்ராக்டரிடம் திரும்பினார். "தப்பா நெனைக்காதீங்க. எங்க பலா நிக்கட்டும். அதுக்குக் கீழ இருக்கற செடியவும் இந்த வருசம் தேச்சுப் பாக்கறேன்."

சாட்சியே பின்வாங்கிய பிறகு வழக்கு ஏது? ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். கடைசியாக ராமனும், "மச்சான் என்ன சொல்றாரோ அதுதானுங்க" என்றார் — அன்று அவர் வாயில் வராத ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் எது தெரியுமா? தேய்த்த கதை தெரிவதற்கு முன்பே நாங்கள் ஜெயித்துவிட்டோம். வெள்ளையனை வெளியே அனுப்பாமல், அவர் கணக்கில் ஒரு செடியைக்கூடக் குறைக்காமல், அவரையும் நிற்க வைத்தே ஜெயித்தோம்.

சராசரி என்பது நம் வீட்டுக் கல்யாணப் பேச்சு மாதிரி. பத்துப் பேர் மெதுவாக ஒன்று சொல்வார்கள். ஒரு சித்தப்பா தொண்டை கிழியக் கத்துவார். முடிவு சித்தப்பா பக்கம் சாய்ந்துவிடும். வரிசை அப்படியில்லை. சித்தப்பா எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும். முப்பத்தெட்டு என்று கத்தினாலும் பன்னிரண்டாவது இடம்தான், முந்நூறு என்று கத்தினாலும் அதே இடம்தான். அவரை யாரும் எழுப்பி அனுப்பவில்லை. யாரும் அவருக்குக் பெஞ்ச் முழுவதையும் கொடுக்கவும் இல்லை.

(திங்கட்கிழமை பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நார் விஷயத்தை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதச் சொன்னார் — எழுதுகிறேன். புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

கொண்டாட்டத்தில் பஸ்ஸை விட்டுவிட்டேன். களத்தில் நின்று திருதிருவென்று விழித்தபோது லாரி ஹாரன் அடித்தது.

"சேலந்தானுங்களே? ஏறுங்க. வண்டி சும்மாத்தான் போவுது" என்றார் கந்தசாமி.

குப்பனூர் ரோடு வழியாக இறங்கினோம். மூன்றாவது வளைவில், "அந்த ஒத்தச் செடியை நான் கணக்குல சேக்காம இருந்திருந்தா?" என்றார்.

"பதிமூணரை. உங்க லாரி நிரம்பியிருக்கும்."

"ம்." இன்னொரு வளைவு போனது. "இருந்தாலும் அது செடிதானுங்களே. எப்படி உடறது?"

அன்றைக்கு அந்தக் களத்தில் இருந்தவர்களிலேயே சுத்தமான விஞ்ஞானி அவர்தான் என்று சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அடுத்த வாரம் வேற ஊருக்குப் போறனுங்க. எந்த ஊருன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன்" என்றார்.

காலி லாரி வளைவுகளில் பயங்கரமாகக் குலுக்கும். பாரம் இருந்தால்தான் அமைதியாக இறங்குமாம், டிரைவர் சொன்னார். அடிவாரம் வருவதற்குள் என் எலும்பெல்லாம் இடம் மாறிவிட்டது.

அவ்வளவு சுகமான பிரயாணம் நான் போனதே இல்லை.